எம், கே, அரைப்புள்ளி

கல்லூரியில் யாரும் விரும்பாத பொறுப்புகள் சில உண்டு. துறைத்தலைவர்கள் கூட்டத்தில் அப்படியொன்றை முதல்வர் அறிவிக்கும்போது எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் செல்போனை நோக்கிக் குனிந்துவிடும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ராகிங் தடுப்புக் குழு, கணித்தமிழ்ப் பேரவை, ஆண்டுமலர் என்று என் தலையில் விழுந்தவை எல்லாம் சரியான நேரத்தில் குனியாமல் போனதால் விழுந்தவை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சம வாய்ப்பு மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர் ஆனதும் அப்படித்தான். "உங்களுக்கு இளகின மனசு சார். இதுக்கு நீங்கதான் பொருத்தம்" என்றார் முதல்வர். கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் குழு வரப்போகிறது, அதற்குள் கோப்பு தயாராக வேண்டும் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொன்னார்.

இளகின மனசு விஷயம் உண்மை. சினிமாவில் யார் அழுதாலும் எனக்குக் கண் கலங்கும். இப்படிப்பட்ட ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. கண் கலங்கிய உடனே ஏதோ பெரிய வேலை செய்து முடித்த நிறைவு வந்துவிடும். அந்த நிறைவோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். பொறுப்பேற்ற முதல் வருடம் நான் செய்தது பெரும்பாலும் அதுதான்.

தொடக்கம் டிசம்பர் 3 விழா. உலக மாற்றுத்திறனாளிகள் நாளாக ஐ.நா. 1992-இல் அறிவித்த தேதி அது. பேனர் அடித்தாயிற்று, சால்வை, கேடயம் எல்லாம் வாங்கியாயிற்று. சிறப்புரையும் நானே. இரட்டைப் புலவர்களில் ஆரம்பித்தேன். பார்வையில்லாதவர் தோளில் நடக்க முடியாதவர் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய், ஒருவர் பாதி வெண்பா பாட மற்றவர் மீதியை முடித்த கதையைச் சொல்லி, அந்தகக்கவி வீரராகவ முதலியார் வழியாக மாம்பழக் கவிச்சிங்க நாவலருக்கு வந்து சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. முன்வரிசையில் காது கேளாத மாணவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சைகை மொழியில் பெயர்த்துச் சொல்ல ஒருவரை அழைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வப்போது அவர்கள் பக்கம் திரும்பிப் புன்னகைத்துக்கொண்டேன்.

பிறகு பரிசளிப்பு. மேடைக்கு ஐந்து படி. வணிகவியல் மாணவி ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேலே வைத்தார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. எனக்கு வழக்கம்போலக் கண் கலங்கிற்று. அந்தப் புகைப்படம் அட்சரேகை, தீர்க்கரேகையோடு நாக் கோப்பில் இருக்கிறது. தூக்குகிற நான்கு பேரும் சிரிக்கிறார்கள். பின்னால் நான் கைகூப்பி நிற்கிறேன். அந்தப் பெண் மட்டும் ஒரு கையால் நாற்காலியின் பிடியையும் மறு கையால் துப்பட்டாவையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறார். விழா முடிந்து இறக்கிவிட்டதும் என்னை நோக்கி வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று முகத்தைத் தயார்படுத்திக்கொண்டேன். "நீங்க இறங்கி வந்து குடுத்திருந்தா அஞ்சு படிதான் சார்" என்றார்.

அதே மேடையில் அதைவிட மோசமான காரியம் ஒன்றையும் செய்தேன். வேதியியல் மாணவி ஒருவருக்குத் தலசீமியா. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோபிலியா, கற்றல் குறைபாடு எல்லாம் பட்டியலுக்குள் வந்தது அப்போதுதான். வருகைப் பதிவில் சலுகை கேட்டு அந்தப் பெண் மருத்துவச் சான்றிதழ் கொடுத்திருந்தார், என்னிடம் மட்டும். எனக்கோ புதிதாகப் படித்த சட்டத்தை நாலு பேர் முன்னால் காட்ட ஆசை. "நம்மோடு சிரித்துப் பேசுகிற இந்தத் தங்கைக்குள் எத்தனை பெரிய போராட்டம் தெரியுமா?" என்று பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிகளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அவர் என் அறைப் பக்கம் வரவில்லை. வருகை குறைந்ததற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தேர்வு எழுதினார் என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கையெழுத்தில் நான் தள்ளுபடிக்குப் பரிந்துரைத்திருக்க வேண்டிய தொகை அது. சான்றிதழ் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

இனி என் சொந்தத் துறையில் பட்ட அவமானத்துக்கு வருகிறேன்.

தமிழ் இலக்கியம் முதலாமாண்டில் பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்தார். மடிக்கணினியில் என்விடிஏ வைத்திருந்தார். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கியது. காசு கிடையாது. தமிழும் படிக்கும். நம் காதுக்குப் பட்டாணி வறுக்கிற மாதிரி கேட்கும் வேகத்தில் அது படிக்கப் படிக்க, அவர் அமைதியாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார். முதல் வாரமே என்னைத் தேடி வந்து, "ஐயா, நோட்ஸ் டைப் பண்ணினதா இருந்தா அனுப்புங்க. அது போதும்" என்றார்.

அது போதும் என்றது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிரெயில் அச்சு, ஒலிநூல் பதிவுக் கூடம், திறப்பு விழாவுக்கு மாவட்ட ஆட்சியர் என்று என் கற்பனை எங்கெங்கோ போயிருந்தது. இருக்கட்டும் என்று, பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை அன்றிரவே அனுப்பினேன். தொல்காப்பியம் முதல் புதுக்கவிதை வரை எல்லாமே டைப் அடித்தவை. பெருமையோடு தூங்கினேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் வந்தார்.

"ஐயா, எம், கே, அரைப்புள்ளி, கே, எச், ஐ, டி. அப்படின்னா அம்மானைங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பிள்ளைத்தமிழ் நோட்ஸ்ல அடிக்கடி வருதுங்கய்யா. ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். பருவம் பத்துல எதுவா இருக்கும்னு யோசிச்சு அம்மானைன்னு கண்டுபிடிச்சேன். மத்ததெல்லாம் இன்னும் பிடிபடலை."

பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு, பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். எம் என்ற எழுத்துக்கு 'அ' வடிவத்தையும் கே என்ற எழுத்துக்கு 'ம' வடிவத்தையும் மாட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காதால் படிக்கிறவருக்கு அந்தச் சட்டை தெரியாது, உள்ளே இருக்கிற ஆள்தான் தெரியும். என் இலக்கிய வரலாறு முழுவதும் அவருக்கு ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகக் கொட்டியிருக்கிறது. கல்வெட்டு படிக்கிறவர்கள் மாதிரி அதில் ஒரு சொல்லை மீட்டெடுத்திருந்தார்.

தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதிவது யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010-லேயே அதை ஏற்று அரசாணை போட்டுவிட்டது. இது எனக்குத் தெரியாத செய்தியும் அல்ல. கணித்தமிழ்ப் பேரவைப் பொறுப்பாளன் என்ற முறையில் இந்த அரசாணையின் சிறப்பைப் பற்றிப் பல கல்லூரிகளில் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கான குறிப்பும் பாமினியில்தான் இருக்கிறது.

அச்செடுத்து, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு மேதை சொன்னார். அந்த மேதையும் நானே. ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்க ஸ்கேன் எடுத்தேன். "ஐயா, காலின்னு சொல்லுது" என்றார். ஸ்கேன் என்பது புகைப்படம்தான், அதில் எழுத்தே கிடையாது என்பதை அவர் எனக்கு மிகுந்த மரியாதையோடு விளக்கினார். அடுத்து, இணையத்தில் கிடைத்த ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டுச் சரிபார்க்காமல் அனுப்பினேன். பாமினியில் ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்போம், யூனிகோடில் அது பின்னால் வர வேண்டும். அந்த மாற்றிக்கு இது தெரியாது. தொல்காப்பியத்தை அது கொம்பு வேறு காலு வேறாகப் பிய்த்து வைத்திருந்ததை மாணவர் எனக்கு ஒலிக்கவிட்டுக் காட்டினார். தொல்காப்பியருக்கு இதைவிடப் பெரிய தண்டனையை வேறு யாரும் கொடுத்திருக்க முடியாது.

இதற்குள் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்துவிட்டது. மற்ற பாடங்களில் நன்றாகவே எழுதியிருந்தவர் என் பாடத்தில் மட்டும் தேறவில்லை. கடைசியில் அவருடைய வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் என் நோட்டைப் பிரித்து வைத்துச் செல்போனில் வாய்விட்டுப் படித்தே யூனிகோடாக்கிக் கொடுத்தார்கள். என்னிடம் அனுமதிகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு குழு அமைத்திருப்பேன்.

அவர் பாடநூலின் மென்படி ஒன்று கேட்டபோது நான் பேசிய பேச்சையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். காப்புரிமை, எழுத்தாளனின் உழைப்பு, பதிப்பகத்தின் நட்டம் என்று நீளமாகப் பேசி மறுத்தேன். 2012-இல் நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக நூலை அவர்களுக்கேற்ற வடிவில் படியெடுப்பது குற்றமாகாது என்று வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு மராகேஷ் நகரில் இதற்கென்றே உலக ஒப்பந்தம் உருவானது. 2014-இல் அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியாதான். நான் பாதுகாக்கப் போராடிய அந்தப் பாடநூலின் தொகுப்பாசிரியர்களில் நானும் ஒருவன். ராயல்டி என்று இன்றுவரை ஒரு ரூபாய் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகத் தேர்வு வந்தது. சொல்வதை எழுதுபவர் வேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்ட்டில் வெளியிட்ட நெறிமுறையில் எல்லாம் இருந்தது. அதன்படி அப்போது எழுதுபவரைத் தேர்வரே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்துபவரிடம் கேட்கலாம். அவர்கள் கொடுப்பதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே சந்தித்து இவர் சரிப்படுவாரா என்று பார்த்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். கூடுதல் நேரத்தை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு, இரண்டு நாள் முன்பே என்ற வரியை விட்டுவிட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் அவசரமாக ஆள் பிடித்தேன். ஆங்கில வழியில் படித்த தாவரவியல் மாணவி. நல்ல பெண். முத்து முத்தான கையெழுத்து, ஆங்கிலத்தில். வினாவோ உரையாசிரியர்களைப் பற்றியது. இவர் "நச்சினார்க்கினியர்" என்று சொல்ல, "நச்சினார் யாருக்கு இனியர்?" என்று அந்தப் பெண் உண்மையான அக்கறையோடு கேட்டாராம். யாப்பிலக்கணம் வந்தபோது நிலைமை முற்றியது. வெண்பாவை அசை பிரித்து, சீர் பிரித்து, நேர் நிரை எழுத வேண்டும். "அந்த எழுத்துக்கு அப்புறம் ஒரு கோடு போடுங்க. இல்லைங்க, ஒற்றுக்கு அப்புறம்" என்று வாயால் சொல்லியே இலக்கணம் எழுதுவதில் கூடுதல் நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியதையும் நான் விட்டுவைக்கவில்லை. அறைக்கண்காணிப்பாளருக்குக் கூடுதல் நேரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன், அலுவலக உதவியாளரிடம் சொல்லவில்லை. ஒரு மணிக்கு மணி அடித்ததும் அவர் வந்து ஃபேனை நிறுத்திவிட்டு, பிற்பகல் தேர்வுக்குப் பெஞ்சை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று சாவிக்கொத்தோடு வாசலில் நின்றுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு வந்த சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது, கையெழுத்து என்னுடையது.

பட்டது போதாதென்று, அடுத்த உள்தேர்வுக்கு நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். அனுபவமுள்ள ஆள், எழுத்துப்பிழை வராது. வேறொரு வியாதி வந்தது. அவர் தவறான விடை சொன்னால் என் பேனா நகராது. "ம்ம்?" என்று இழுப்பேன். தொண்டையைச் செருமுவேன். எட்டுத்தொகை நூல்களை அவர் ஏழோடு நிறுத்தியபோது, "அவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டே விட்டேன். அவர் சொன்ன வாக்கியம் தளர்ந்திருந்தால் நானாகச் செப்பனிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது என் பேப்பர். தப்புன்னா தப்பாவே எழுதுங்க" என்றார். எழுதினேன். கை வலித்தது, மூன்றாம் பக்கத்திலேயே.

கை வலி என்றதும் இன்னொரு மாணவி நினைவுக்கு வருகிறார். பேனாவைப் பிடித்துச் சில வரிகள் எழுதியதும் விரல்கள் இழுத்துக்கொள்ளும். எழுத ஆள் வேண்டும் என்று விண்ணப்பித்தார். "செல்போன் பிடிக்கிற கைதானே இது?" என்று நான் கேட்டதை இப்போது நினைத்தால் கூசுகிறது. சான்றிதழில் 40 சதவீதம் இல்லையே என்றும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். இதே கோளாறுள்ள ஒருவர் குடிமைப்பணித் தேர்வுக்கு எழுத ஆள் கேட்டு மறுக்கப்பட்டு, விகாஷ் குமார் வழக்கு என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 பிப்ரவரியில் வென்றிருந்தார். 40 சதவீதம் இருந்தால்தான் எழுதுபவரைத் தர முடியும் என்று சொல்லக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அந்தப் பெண் தீர்ப்பை அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். தீர்ப்பு நீளம். ஆனாலும் படித்தேன், என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறார்களோ என்ற பயத்தில்.

மீசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொதுத்தமிழ் வகுப்பில் காது சரியாகக் கேட்காத மாணவர் ஒருவர் உதட்டசைவைப் பார்த்துப் பாடம் புரிந்துகொள்பவர். நான் நடந்துகொண்டே பேசுவேன், கரும்பலகையிடம் பேசுவேன், புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன். அபூர்வமாக வகுப்பைப் பார்த்தால் மேலுதட்டை மீசை மூடியிருக்கும். அவர் நண்பன் மூலம் தூது அனுப்பினார்: ஐயா மீசையைக் கொஞ்சம் ஒதுக்கினால் நன்றாயிருக்கும். தமிழாசிரியனிடம் சொல்கிற வார்த்தையா இது? பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் செயலியைச் செல்போனில் போட்டு அவர் முன் வைத்தேன். அது 'தலைவி கூற்று' என்பதையெல்லாம் 'தலைவி காற்று' என்று காட்டியது. அகத்திணை முழுக்கக் காற்று வீசியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிதிருத்தகத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் காரணம் சொல்லவில்லை. மீசை போனது பெரிய விஷயமில்லை, நடப்பதை நிறுத்தத்தான் இன்னும் முடியவில்லை.

சாய்தளத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1-க்கு 12 என்பது கணக்கு. இரண்டடி உயரம் ஏற 24 அடி நீளம் வேண்டும். எங்கள் முகப்பில் கொடிக்கம்பம் குறுக்கே நின்றதால் கொத்தனார் எட்டடியில் முடித்துவிட்டார். அளவு சரியென்று கையெழுத்துப் போட்டது நான். நாக் குழுவினர் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் முதல் அதில் டூவீலர் நிற்கிறது. அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு வருகிற விண்ணப்பங்கள் குறைவு என்று ஆண்டறிக்கையில் வருத்தத்தோடு எழுதுவேன். விண்ணப்பம் வாங்க வருகிறவர்கள் முகப்பில் அந்தச் சாய்தளத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்பதை அதில் எழுதியதில்லை.

அந்த வணிகவியல் மாணவியின் வகுப்பு முதல் மாடியில். தினமும் தோழிகள் பிடித்துத் தூக்கிப் போவார்கள். நான் லிஃப்ட் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். மதிப்பீடு கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தேன். இன்னொரு நிறுவனத்திடமும் கேட்கச் சொன்னார்கள், அதையும் வாங்கினேன். கோப்பு கனத்துக்கொண்டே போனது. ஒருநாள் அலுவலகத்தில் இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது, கால அட்டவணை போடும் எழுத்தர் அம்மா தலை நிமிராமலே, "லிஃப்ட் வர்றப்ப வரட்டும் சார். பி.காமைக் கீழ போட்டுட்டு ஹிஸ்டரியை மேல அனுப்பிடவா?" என்றார். ரப்பரால் இரண்டு அறை எண்களை அழித்து, பென்சிலால் மாற்றி எழுதினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பொறுப்பேற்ற நாளிலிருந்து நான் பார்த்த வரையில் இந்தப் பிள்ளைகள் கேட்டதெல்லாம் இந்த அளவுதான்: முன்கூட்டியே செய்கிற, செலவில்லாத, படம் எடுக்க எதுவும் இல்லாத வேலை. அதனால்தானோ என்னவோ எனக்கு அது கையில் வரவில்லை.

வகுப்பு கீழே வந்த சந்தோஷத்தில் அந்தப் பெண்ணுக்குக் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். ஜூஸ்? அதுவும் வேண்டாம். "காலேஜ் நாள்ல எட்டு மணிக்கு மேல எதுவும் குடிக்க மாட்டேன் சார். பழகிடுச்சு." ஏன் என்று கேட்டேன், மடையன் மாதிரி. அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். பக்கத்திலிருந்த தோழிதான், "அந்த டாய்லெட் பூட்டியிருக்கு சார்" என்றாள்.

சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகையோடு நாக் குழுவுக்காகக் கட்டிய கழிப்பறை அது. சாவி யாரிடம் என்று தேடி, துப்புரவுப் பணியாளர் அம்மாவிடம் வாங்கித் திறந்தேன். துடைப்பம், பினாயில் கேன், உடைந்த இரண்டு நாற்காலி. மூலையில் என்னுடைய டிசம்பர் 3 பேனர் சுருட்டி நிறுத்தியிருந்தது. "நல்ல துணி சார், தூக்கிப் போட மனசு வரலை" என்றார் அந்த அம்மா. மூன்றாமாண்டு படிக்கிற பெண். இரண்டரை வருடம் தண்ணீர் குடிக்காமல் எங்கள் கல்லூரியில் படித்திருக்கிறார். அந்த நேரமெல்லாம் ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் நான்.

பூட்டை அன்றே கழற்றியாயிற்று. இப்போது கதவுக்கு உள் தாழ்ப்பாள் மட்டும்தான். லிஃப்ட் கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஐப்பசி மழையோடு செமஸ்டர் தேர்வும் வந்துவிடும். எங்கள் ஊரில் மட்டுமல்ல, எந்தக் கல்லூரியில் கேட்டாலும் சொல்வதை எழுத ஆள் போதவில்லை என்பார்கள், தமிழில் எழுத இன்னும் பஞ்சம். தேர்வரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. ஆகவே உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த, தமிழைப் பிழையில்லாமல் எழுதுகிற பிள்ளைகள் இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் இப்போதே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். நான்கு மணி நேரம் உட்கார வேண்டும், சொன்னதை மட்டும் எழுத வேண்டும், செருமக் கூடாது. புத்தகம் வாசித்துப் பதிவு செய்து தருவதற்கு எந்தத் தகுதி விதியும் இல்லை, ஓய்வு பெற்றவர்கள் தாராளமாக வரலாம். வினாத்தாளும் குறிப்பும் தயாரிக்கிற ஆசிரிய நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: தயவு செய்து யூனிகோடில் அடியுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை என்னிடம் அனுப்பிவிடாதீர்கள். என்னுடையதே இன்னும் பாதி மிச்சமிருக்கிறது.